கைக்கு வந்ததும் கணக்கில் ஏறியதும்: அம்பாங் தெருவின் பேரேடுகள் உணர்த்தும் வரலாறு



கணக்கியலை எண்களின் துறையாகவே கருதிப் பழகியிருக்கிறோம். தேர்வுக்குரிய பாடமாகவும், அலுவலகத்தில் யாரோ ஒருவர் செய்யும் வேலையாகவும் அது நமக்கு அறிமுகமாகிறது. ஆனால், கணக்கு எழுதும் முறை ஒவ்வொன்றின் அடியிலும் நியாயம் பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது. வணிகன் ஒருவன் தான் ஈட்டியதை எந்த நாளில் தன்னுடையது என்று எழுதலாம்? பணம் கைக்கு வந்த நாளிலா, அதனைப் பெறும் உரிமை தோன்றிய நாளிலா? இன்றைய சிறுதொழில் உரிமையாளர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் இக்கேள்வியைக் கோலாலம்பூரின் அம்பாங் தெருவில் அமர்ந்து தொழில் செய்த தமிழ் வணிகர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எதிர்கொண்டனர். அதற்குத் தமிழிலேயே விடை எழுதவும் செய்தனர். அந்த விடையின் வலிமையையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஈய வயலும் காத்திருந்த முதலும்

அம்பாங் என்னும் பெயர் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. ஈயம் அலசுவதற்கு நீர் வேண்டும். நீரைத் தேக்க அணை வேண்டும். ஆகவே, அந்த ஊரின் பெயரிலேயே ஈயத் தொழிலின் நினைவு பதிந்துள்ளது.

1857ஆம் ஆண்டில் கிள்ளானின் இராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே உள்நாட்டுக்கு அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கரையேறிய அவர்கள், காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்து சுரங்கம் வெட்டினர். இதற்கான முதலாக, அவரும் லுக்குட்டின் இராஜா ஜுமாட்டும் மலாக்காவின் சீன வணிகர்களிடமிருந்து 30,000 டாலர் திரட்டியிருந்தனர். ஒரு மாதத்திற்குள் அந்த 87 பேரில் 18 பேரே எஞ்சினர். ஏனையோர் காய்ச்சலுக்குப் பலியாயினர். மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். 1859ஆம் ஆண்டில்தான் அம்பாங் ஈயம் முதன்முதலாக ஏற்றுமதியாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கணக்காசிரியர் ஒருவரின் கண்கொண்டு காண்போம். 1857இல் அரிசிக்கும் கருவிக்கும் கூலிக்கும் பணம் சென்றது, வரவு ஏதுமில்லை. பணத்தின் போக்குவரத்தை மட்டும் எழுதினால், அவ்வாண்டு முழு நட்டம். ஆனால், மண்ணுக்கடியில் ஈயம் இருந்தது. வெட்டிய குழியும் கட்டிய அணையும் அடுத்த ஆண்டுக்கும் பயன்படுவன. மறுபுறம், எதிர்கால ஈயத்தை நம்பி இலாபம் எழுதியிருந்தால், உயிரிழந்தோரின் எண்ணிக்கையே அந்த நம்பிக்கையின் நிலையாமையைக் காட்டியிருக்கும். செலவு ஒரு காலத்திலும் பலன் வேறொரு காலத்திலும் நிகழும் தொழிலில், பணத்தைக் குறித்துவைப்பது மட்டும் போதுமான கணக்காகாது. ஈயமும் பின்னர் வந்த இரப்பரும் அத்தகைய தொழில்கள். இரப்பர்க் கன்று நட்டுப் பால் வெட்டுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்புக்கு முதல் தந்தோருள் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

2. இரு முறைகள்

கணக்கு எழுதுவதில் இரு முறைகள் உள்ளன. பணம் வந்தபோது வரவையும், பணம் சென்றபோது செலவையும் எழுதுவது ரொக்க முறை. விற்பனை நிகழ்ந்தபோதே வருவாயையும், பொறுப்பு ஏற்பட்டபோதே செலவையும் எழுதுவது மற்றொரு முறை. பணம் பின்னர் வரலாம், முன்னரே சென்றிருக்கலாம். இதனை இலங்கைப் பாடநூல்கள் அட்டுறு முறை என வழங்குகின்றன. அச்சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

அட்டுறு முறை அண்மைக் காலத்தது என்று எண்ணுதல் தவறு. இத்தாலியின் புளோரன்சு நகர வணிகரான ஃபரோல்ஃபி நிறுவனம், தெற்குப் பிரான்சில் சலோன் என்னும் ஊரில் ஒரு கிளை வைத்திருந்தது. அக்கிளையின் 1299–1300ஆம் ஆண்டுப் பேரேட்டின் பகுதிகள் இன்றும் எஞ்சியுள்ளன. நான்கு ஆண்டுகளுக்கான வாடகையாக 16 லிவர் முன்பணம் கொடுத்த அந்நிறுவனம், முதலாண்டில் 4 லிவரை மட்டுமே செலவாக எழுதி, எஞ்சிய 12 லிவரைப் பின்வரும் ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. லூக்கா பாச்சோலி 1494இல் வெனிசு நகரில் இரட்டைப் பதிவு முறையை விளக்கும் நூலை அச்சிடுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தொலைவிலுள்ள கிளை ஒன்றின் கணக்கர் இவ்வாறு எழுதியிருக்கிறார்.

கிளை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தன் கடையில் தானே அமர்ந்திருக்கும் வணிகனுக்குப் பெட்டியிலுள்ள பணமும் மனத்திலுள்ள நினைவும் பெரும்பாலும் போதும். முதலாளி ஓரிடத்திலும் தொழில் வேறோரிடத்திலும் இருக்கும்போதுதான், வராத பணத்தையும் எழுதிக் காட்ட வேண்டிய தேவை எழுகிறது. சலோன் கிளைக்கும் அம்பாங் தெருவுக்கும் உள்ள ஒப்புமை இதுவே.

3. கிட்டங்கியின் ஏடுகள்

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புறப்பட்ட செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் தொழிலை நிறுவினர். கோலாலம்பூர் 1880இல் சிலாங்கூரின் தலைநகராகவும், 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகராகவும் உயர்ந்த காலத்தில், இங்கும் அவர்களது தொழில் வேரூன்றியது. இன்று லெபோ அம்பாங் எனப்படும் தெரு அவர்களது இருப்பிடமாயிற்று.

கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து இருந்தன. தரையில் விரித்த பாய், சாய்வு மேசையாகவும் பயன்படும் கைப்பெட்டி, அதனருகே பேரேடுகள்: இவையே ஒரு நிறுவனத்தின் முழு அலுவலகம். மேலாள் அல்லது ஏஜெண்டு, அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடி வேலையிலிருந்து தொழில் கற்கும் பெட்டியடிப் பையன் என்போர் அங்கிருந்தனர். பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை.

ஏடுகள் தமிழில் எழுதப்பட்டன. எண்களும் தமிழ் எண்களே. முந்திரி, காணி, மா, கால், அரை என வழங்கிய தமிழ்ப் பின்னங்களில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. வட்டியை நுட்பமாகக் கணக்கிட அவை பயன்பட்டன. அன்றாட நடவடிக்கைகள் முதலில் குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பேரேட்டுக்குச் செல்லும். வட்டி தனியே வட்டிச் சிட்டையில் கணக்கிடப்படும். குறித்த காலத்தில் எல்லாக் கணக்குகளின் நிலையையும் தொகுத்து ஐந்தொகை எடுக்கப்படும். பங்காளிகள் இட்ட முதல்பணம், உறவினரும் பிறரும் வைப்பாகத் தந்த மேல்பணம், கோயிலுக்கும் அறத்திற்கும் ஒதுக்கிய மகமை ஆகியன தனித்தனிக் கணக்குகளாக நின்றன.

இவ்வமைப்பில் ரொக்கமும் உரிமையும் வெவ்வேறாக எழுதப்பட்டன என்பதே நாம் அறிய வேண்டியது. பெட்டியிலுள்ள இருப்பை நாள்தோறும் சரிபார்க்க ஒரு வழி இருந்தது; கடன்பட்டவர் தரவேண்டிய வட்டியைக் காலத்துக்கேற்ப அறிய மற்றொரு வழி இருந்தது. மகமையும் அவ்வாறே. கோயிலுக்குப் பணம் செல்லும் நாளுக்கு முன்பே அது கோயிலுக்குரியதாகப் பேரேட்டில் நின்றது. பணம் பெட்டியில் இருந்தும் அது வணிகனுடையதன்று. இதனை எழுத்தால் நிலைநாட்டுவதே அக்கணக்கின் பயன்.

4. மூன்றாண்டு முடிவில் எழும் வினா

ஏஜெண்டின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஊதியத்தில் ஒரு பகுதி, கப்பலேறும் முன்பே அவர் குடும்பத்திற்கு முன்பணமாகத் தரப்படும். பணிக்காலம் முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார். புதியவர் வந்து பொறுப்பேற்பார். பழைய ஏஜெண்டுக்கு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. முன்பணமாகத் தந்த ஊதியம், மூன்றாண்டுக்கும் உரிய செலவு. சலோன் கிளை கொடுத்த வாடகையை ஒத்தது அது. ஆனால், இலாபப் பங்கு எழுப்பும் வினா அதனினும் கடினமானது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கற்பனை செய்வோம். ஏஜெண்டு ஒருவர் 10,000 வெள்ளியை மாதம் நூற்றுக்கு ஒரு வெள்ளி வட்டியில் கடனாகத் தந்தார். மூன்றாண்டில் விளைந்த வட்டி 3,600 வெள்ளி. அவர் புறப்படும் நாள்வரை கைக்கு வந்தது 2,400 வெள்ளி. ரொக்க முறைப்படி அவரது காலத்து வருவாய் 2,400. எஞ்சிய 1,200 வெள்ளி, அடுத்தவர் காலத்தில் வந்து சேர்ந்தால், உழைக்காத அவருக்கு அது உழைப்பின் பயனாகத் தோன்றும். அட்டுறு முறைப்படி பழையவரின் வருவாய் 3,600. அந்த 1,200 வெள்ளி ஒருபோதும் வராமற்போனால், வராத பணத்தின்மீது முதலாளி பங்கு தந்தவராவார்.

எனவே, முறையைத் தேர்வது என்பது நட்ட அபாயத்தை யார் தோளில் ஏற்றுவது என்னும் தேர்வாகும். ரொக்க முறை பழைய ஏஜெண்டுக்குக் குறை செய்யலாம். அட்டுறு முறை முதலாளிக்குக் குறை செய்யலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது கடனாளியைப் பற்றிய மதிப்பீடு. இவன் தருவானா, மாட்டானா என்பதைப் பேரேடு தானாகச் சொல்லாது. கணக்கெழுதுபவர் முடிவு செய்ய வேண்டும். வாராக்கடன், வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று இன்றைய பாடநூல்கள் கூறுவன இந்த மதிப்பீட்டின் வெளிப்பாடுகளே.

5. வந்ததா, விளைந்ததா: வரிச் சட்டத்தின் வினா

இதே வினா அரசியலரங்கிலும் எழுந்தது. 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுத் தொழிலில் ஈட்டிய இலாபம், அது விளைந்த மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டால் வரிக்குட்பட்டது. அம்பாங் தெருவில் விளைந்த வட்டி அங்கேயே மீண்டும் கடனாகச் சுழலும்வரை இந்திய வரி அதனைத் தொடவில்லை. சட்டம், செட்டிநாட்டு முதலாளியை அந்த அளவில் ரொக்க முறையில் நோக்கியது எனலாம்.

1939இன் திருத்தச் சட்டம் இந்நோக்கை மாற்றியது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் ஈட்டிய வருமானம், கொண்டுவரப்படாத நிலையிலும், வரம்புக்குட்பட்ட விலக்கு நீங்கலாக வரிக்கு உரியதாயிற்று. ஈட்டிய நாளே வரிக்குரிய நாள் என்றால், கைக்கு வராத பணத்திற்கும் கையிலிருந்து வரி தர வேண்டும். ஈட்டியவரை வரி கேட்பது முறையே என்று அரசு கருதலாம். மலாயாவிலும் பர்மாவிலும் முடங்கிக் கிடக்கும் கடன்களை எவ்வாறு ஈட்டம் என்பது என்று வணிகர் கேட்கலாம். இரண்டிலும் நியாயம் உண்டு.

6. ஏட்டில் மட்டும் எஞ்சிய செல்வம்

முடங்கிக் கிடக்கும் கடன் என்பது வெறும் வாதத்திற்காகச் சொல்லப்பட்டதன்று. 1925இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 4 சில்லிங்குக்கு மேல் விற்றது. 1932இல் அதே இராத்தல் 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. அக்காலத்தில் ஒரு சில்லிங்குக்கு 12 பென்சு. ஆகவே, இருபத்து நான்கில் ஒரு பங்குக்கும் கீழே விலை சரிந்தது. இரப்பரை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய சிறு தோட்டக்காரரால் வட்டி கட்ட இயலவில்லை. பேரேட்டிலோ வட்டி நாள்தோறும் விளைந்துகொண்டேயிருந்தது.

அட்டுறு முறையின் பெருங்குறை இங்கு வெளிப்படுகிறது. ஏட்டின்படி செல்வம் வளர்ந்தது; பெட்டியில் பணம் வற்றியது. கடனுக்கு ஈடாக நிலங்கள் வணிகர் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938 அளவில் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. பணம் வேண்டிய வணிகனுக்கு நிலம் கிடைத்தது; நிலம் வேண்டிய உழவன் அதனை இழந்தான். இருவருமே விரும்பாத முடிவு இது. மலாயாவில் இவ்வபாயத்தை உணர்ந்த அரசு, 1931இல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. 1933இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கியது. பேரேட்டின் மறுபுறத்தில் கடனாளியின் வாழ்வும் இருக்கிறது என்பதனை மாணவர் மறத்தலாகாது. ஒருவரின் பெறவேண்டிய தொகை, மற்றொருவரின் கொடுக்கவேண்டிய தொகை.

ரொக்கமே உறுதியானது என்று நினைப்போருக்கும் வரலாறு ஒரு பாடம் வைத்திருந்தது. 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆட்சியில், வாழைமரம் அச்சிட்ட தாள்கள் புழங்கின. அவற்றின் மதிப்பு மாதந்தோறும் சரிந்தது. போருக்கு முன்பு வாங்கிய கடன்கள் சில அத்தாள்களால் அடைக்கப்பட்டன. பணம் கைக்கு வந்தது. ஆனால் மதிப்பு வரவில்லை. இதனால் எழுந்த வழக்குகளைத் தீர்க்க, ஆக்கிரமிப்புக் காலக் கடனாளர்–கடனீந்தோர் சட்டம் 1948இல் இயற்றப்பட்டு, அத்தாள்களில் செலுத்திய தொகைகளை மறுமதிப்பிட வழி செய்யப்பட்டது. ஏட்டிலுள்ள வட்டியும் பொய்க்கலாம். கையிலுள்ள தாளும் பொய்க்கலாம்.

7. இன்றைய சிறுகடையின் இரு கணக்குகள்

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய தொழிலுக்கு வருவோம். அம்பாங்கிலோ கிள்ளானிலோ ஒரு தையற்கடையைக் கற்பனை செய்க. தீபாவளியை ஒட்டிய மூன்று மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அது 48,000 ரிங்கிட்டுக்குத் தைத்துக் கொடுத்தது. அதில் வந்து சேர்ந்தது 30,000. கடனுக்கு வாங்கித் தீர்ந்த துணி 20,000. அதற்குக் கொடுத்தது 8,000. அக்டோபர் முதல் நாளில் ஆறு மாத வாடகை 12,000 முன்பணமாகத் தரப்பட்டது. மூன்று மாதக் கூலி 9,000, கொடுத்தது 6,000.

ரொக்க முறைப்படி, வந்த 30,000இலிருந்து சென்ற 26,000ஐக் கழித்தால் மிச்சம் 4,000 ரிங்கிட். அட்டுறு முறைப்படி, வருவாய் 48,000இலிருந்து துணி 20,000, மூன்று மாத வாடகை 6,000, கூலி 9,000 ஆகியவற்றைக் கழித்தால் இலாபம் 13,000 ரிங்கிட். இடைவெளி 9,000. வாடிக்கையாளர் தரவேண்டிய 18,000உம் முன்கூட்டிச் செலுத்திய வாடகை 6,000உம் சேர்ந்த தொகையிலிருந்து, துணிக்கடைக்குத் தரவேண்டிய 12,000ஐயும் கூலி நிலுவை 3,000ஐயும் கழித்தால் அந்த 9,000 கிடைக்கும்.

எது மெய்? இரண்டும் மெய், ஆனால் அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். தொழில் பயன் தந்ததா என்று கேட்டால் 13,000 என்பது விடை. வரும் திங்கட்கிழமை துணிக்கடைக்குப் பணம் தர இயலுமா என்று கேட்டால் 4,000 என்பது விடை. முதல் எண்ணை மட்டும் நம்பிப் புதிய தையல் இயந்திரம் வாங்குபவர், இலாபத்தோடு இருந்துகொண்டே கடை மூட நேரிடும். இரண்டாம் எண்ணை மட்டும் நம்புபவர், நல்ல தொழிலைக் கைவிடக்கூடும். அல்லது, கடனுக்கு வாங்கிய துணியை மறந்து, கையிலுள்ள பணத்தையெல்லாம் தன்னுடையதாக எண்ணக்கூடும்.

நம் நாட்டுச் சட்டமும் இரு நோக்குகளையும் ஆள்கிறது. 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், விற்ற பொருளுக்கும் செய்த பணிக்கும் வரவேண்டிய கடன், 24ஆம் பிரிவின்படி தொழில் வருமானமாகக் கொள்ளப்படுகிறது. தொழில் சாராத வட்டியோ 27ஆம் பிரிவின்படி பெறும்போதே வருமானமாகிறது. 2018இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த சேவை வரி, பொதுவாக வாடிக்கையாளர் பணம் செலுத்தும்போது செலுத்தற்குரியதாகிறது. விலைப்பட்டியல் தந்து 12 மாதமாகியும் பணம் வராவிடில், அதன்பின் வரி கட்ட வேண்டும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், தொழில் செய்பவர் இரு முறைகளுள் ஒன்றைத் தொடர்ச்சியாகக் கைக்கொள்ள இடமளித்தது. தொடர்ச்சி என்பதே அதன் உயிர். இலாபம் மிகுந்த ஆண்டில் ஒரு முறையும் குறைந்த ஆண்டில் மற்றொரு முறையும் கொள்வது கணக்காகாது.

சிறுதொழிலுக்கு எம்முறை ஏற்றது என்று மாணவர் கேட்கலாம். அன்றாடம் கைமாற்றாக விற்று வாங்கும் பலகாரக் கடையில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும். எளிமை கருதி ரொக்க ஏட்டைச் செம்மையாக எழுதினாலே கடையின் நிலை தெரிந்துவிடும். கடன், முன்பணம், சரக்கிருப்பு, பங்காளி ஆகியன புகும் நாளில் அட்டுறு முறை இன்றியமையாததாகிறது. அப்போதும் ரொக்க ஏட்டை மூடிவிடலாகாது. கிட்டங்கியில் குறிப்பும் பேரேடும் வட்டிச் சிட்டையும் ஐந்தொகையும் ஒருங்கே இருந்ததன் காரணம் இதுவே.

8. சொற்களின் உரிமை

பேரேடு, குறிப்பு, பற்று, வரவு, இருப்பு, நிலுவை, சிட்டை, ஐந்தொகை, கூடியுள்ள வருமானம், கொடுபட வேண்டிய செலவு: இவற்றுள் பழையனவும் உண்டு, பாடநூலுக்காக ஆக்கப்பட்டனவும் உண்டு. நம் மாணவர்கள் இடைநிலைப் பள்ளியில் கணக்கியலை மலாயிலும், உயர்கல்வியில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். அது அவர்களுக்கு வேண்டியதே. ஆயினும், இக்கருத்துகள் தமிழுக்குப் புதியன என்றோ, மொழிபெயர்த்துத் தந்தாலன்றி விளங்கா என்றோ அவர்கள் எண்ண இடமளித்தல் ஆகாது. கோலாலம்பூரின் நடுவில், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திற்கு நடை தூரத்திலுள்ள ஒரு தெருவில், இக்கருத்துகள் தமிழில் எழுதப்பட்டு அவற்றின்மீது பெருந்தொகைகள் கைமாறின.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கணக்கியல் பயிலும் மாணவரிடம், தம் வீட்டாரோ உறவினரோ நடத்தும் கடையின் ஒரு மாதக் கணக்கை இரு முறைகளிலும் எழுதிவரச் சொல்லுங்கள். இரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழில் ஒரு பக்கம் விளக்கச் சொல்லுங்கள். யார் தரவேண்டும், யாருக்குத் தரவேண்டும், யார் தரமாட்டார் என்னும் மூன்றையும் எழுதி முடிக்கும் மாணவர், பேரேட்டின் பயனை அறிந்தவராவார். குடும்பங்களில் பழைய தமிழ்ப் பேரேடுகள் இருப்பின், அவற்றைக் கறையானுக்கு விடாது காத்துவைக்கவும், அவற்றிலுள்ள தமிழ் எண்களைப் படிக்கக் கற்கவும் அதே மாணவரை ஊக்குவியுங்கள். நம் முன்னோர் எவ்வளவு ஈட்டினர் என்பதோடு, எதனைத் தம்முடையதென்றும் எதனைப் பிறருடையதென்றும் பிரித்தெழுதினர் என்பதும் அவ்வேடுகளில் இருக்கிறது.